பின்னால் வந்து சேரும் காரணம்

செர்ஜியோ லியோனேயின் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' படத்தில் வரும் ஒரு பதில் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. ஊரின் இரண்டு கும்பல்களிடமும் மாறி மாறிக் காசு வாங்கும் அந்நியன், சிறைப்பட்டிருந்த மரிசோலை மீட்டுக் கணவனோடும் குழந்தையோடும் சேர்த்து, பணமும் கொடுத்து எல்லை தாண்டி ஓடச் சொல்கிறான். எதற்காக இதெல்லாம் என்று அவள் கேட்கிறாள். உன்னைப் போல ஒருத்தியை எனக்குத் தெரியும், அன்று உதவ யாருமில்லை என்கிறான். அவ்வளவுதான்.

அந்தப் பதில் எப்போது பிறந்தது? இத்தாலி, ஸ்பெயின், மேற்கு ஜெர்மனி மூன்றும் சேர்ந்து எடுத்த படம், வந்தது 1964இல். நடிகர்கள் வெவ்வேறு மொழிகளில் பேசி நடித்தார்கள், குரல்கள் பிறகு சேர்ந்தன. அந்நியனின் வாயிலிருந்து இத்தாலியர்கள் கேட்டது என்ரிகோ மரியா சலேர்னோவின் குரல். 1967இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கிலப் பதிப்பில்தான் அந்நியனாக நடித்த கிளின்ட் ஈஸ்ட்வுட் தன் முகத்துக்குத் தானே பேசினார். செய்கை ஒரு வருடம், அவர் குரலில் காரணம் இன்னொரு வருடம்.

எங்கள் வீட்டிலும் காரணம் இப்படிப் பின்னால் வந்ததுண்டு. எதிர்வீட்டுப் பையனின் பரீட்சைக் கட்டணத்துக்காக அம்மா கம்மலை அடகு வைத்தாள். ஏம்மா என்று கேட்டதற்கு, "அப்பா இல்லாத புள்ளடா" என்றாள். பல வருடம் கழித்துக் கேட்டபோது, "என்னையும் இப்படித்தான் பாதியில நிறுத்தினாங்க" என்றாள். இரண்டையும் நம்புகிறேன். ஆனால் அன்று அவள் விறுவிறுவென்று தெருவில் இறங்கிப் போனதைப் பார்த்தவன் நான். யோசித்துவிட்டுப் போகிறவளின் நடை இல்லை அது.

லியோனேயின் படத்துக்கு மூலம் அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ' (1961). அதில் சாமுராயும் ஒரு குடும்பத்தை மீட்கிறான்; மண்டியிட்டு நன்றி சொல்பவர்களைத் திட்டித் துரத்துகிறான். காரணமே சொல்வதில்லை. லியோனே ஒரு வரி சேர்த்தார். எழுபதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சி, அதுவும் போதாதென்று, படத்தின் முன்னால் புதுக் காட்சி ஒன்றையே எடுத்து ஒட்டியது: அந்நியன் சிறைக்கைதி, ஊரைச் சுத்தம் செய்தால் விடுதலை என்று அதிகாரி ஒருவர் அனுப்புகிறார். இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. மரிசோலுக்குச் செய்தது தண்டனைக்கு மாற்று வேலையாகிவிடுகிறதே!

அப்படியானால் லியோனேயின் வரியை மட்டும் எப்படி ஏற்கிறேன்? அதுவும் சேர்த்ததுதானே. அவள் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பழைய பெண் அவனுக்கே ஞாபகம் வந்திருப்பாளா?

குரோசவாவின் மௌனம்தான் நேர்மை என்று சில சமயம் தோன்றுகிறது. உதவி வாங்கிக்கொண்டவர்களுக்கு எல்லை தாண்டும்போது கையில் ஒரு காரணமாவது வேண்டாமா என்றும் தோன்றுகிறது. எது சரியென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.