பேத்தி அறிந்த அப்பத்தா

அச்சுத் தொழிலுக்குப் பேர்போன சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால், எங்கள் வட்டாரத்தில் யார் இறந்தாலும் பொழுது சாய்வதற்குள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் சுவரேறிவிடும். இறந்தவர் ஒரு தாய் என்றால் வாசகம் யோசிக்க வேண்டியதே இல்லை. பாசத்தின் உறைவிடம், தியாகச் சுடர், உழைப்பின் சிகரம் எல்லாம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். ஏழாயிரம்பண்ணையில் அம்மா இறந்தபோது நாங்களும் அப்படித்தான் அடித்தோம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் அத்தனையும் அவள் எங்களுக்குச் செய்தவை. எங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்தப் போஸ்டரில் அவள் என்று ஏதாவது மிஞ்சுமா? ஒருவரை நினைப்பதும் அவரால் நாம் அடைந்ததை நினைப்பதும் ஒன்றுதானா?

விருதுநகர் மாவட்டத்துக்காரர்கள் இதற்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டாம். காமராஜரின் தாயார் சிவகாமி அம்மாளை இங்கே அறியாதவர் இல்லை. என்ன அறிவோம்? மகன் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தும் அவர் விருதுநகர் வீட்டிலேயே இருந்தார். மாதச் செலவுக்கு 120 ரூபாய் வரும். வீட்டுக்குத் தனியாகப் போட்ட தண்ணீர்க் குழாயை மகன் எடுக்கச் சொன்னார். மேடைக்கு மேடை சொல்லப்படும் இந்த மூன்றும் மகனின் நேர்மைக்குச் சாட்சிகள். சிவகாமி அம்மாளுக்கே உரியது வேறொன்று உண்டு. சின்ன வயதிலேயே பிள்ளைகள் தகப்பனை இழந்தபோது, காதணியைத் தவிர மற்ற நகைகளை விற்று, பணத்தை உள்ளூர் வணிகர் ஒருவரிடம் போட்டு, வரும் வட்டியில் குடும்பத்தை நடத்தினார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அசலில் கை வைக்காமல் வட்டியில் காலம் தள்ளுவது என்பது நூறாண்டுக்கும் முன் ஒரு பெண் தானே போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்காரியை யாரும் மேடையேற்றுவதில்லை. நகையை விற்று மகனை வளர்த்த தாய் என்று ஒரு வரி சொல்லிவிட்டு, மகனிடம் போய்விடுகிறார்கள்.

முதலமைச்சரின் தாய்க்கே இப்படி என்றால் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய எங்கள் அம்மாவுக்கு என்ன கிடைத்துவிடும்?

கல்கத்தா போய்த் தொழில் பழகித் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், மழையை நம்ப முடியாத கரிசல் காட்டு ஊர்களுக்கெல்லாம் பரவியது. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று, விடியும் முன் வரும் ஆபீஸ் பஸ்ஸில் ஏறியவள். குச்சிகளைக் கட்டையில் வரிசையாக அடுக்க வேண்டும். அடுக்கிய கட்டைக்குத்தான் கூலி. வீட்டுக்கு வந்தால் பெட்டி ஒட்டும் வேலை. அதற்குக் கணக்கு குரோஸ், அதாவது 144 பெட்டி. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைக் கேட்டால் திணறுவாள். 144, 288, 432, 576, 720 என்று மட்டும் மூச்சுவிடாமல் போவாள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வைக்கக் கூடாது என்று 1986இல் சட்டம் வந்தது. மீறும் முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996இல். அப்போது அம்மாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. 2007இல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாய் ஆனபோது, “பதினாலு வருசம், ராமரு வனவாசம் போய்ட்டு வந்த மாதிரில்ல இருக்கு” என்றாள்.

நானும் தங்கச்சியும் அறிந்த அம்மா இவள்தான். என் மகள் அறிந்த அப்பத்தா வேறொருத்தி. பதினாறாம் நாள் கழிந்து வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது மகள், “அப்பத்தா கே.எஸ். ராஜா மாதிரியே பேசிக் காட்டுமே, உங்களுக்குத் தெரியாதாப்பா?” என்றாள். கே.எஸ். ராஜா இலங்கை வானொலி அறிவிப்பாளர். அம்மா பெட்டி ஒட்டிய நாட்களில் அந்த வானொலி இந்தப் பக்கமெல்லாம் ஒலிக்கும். பெட்டி ஒட்டும் கைகளுக்குத்தான் வேலை, காது சும்மா இருந்தது. கே.எஸ். ராஜாவின் வேகம் எது, இன்னொரு அறிவிப்பாளரான அப்துல் ஹமீதின் நிதானம் எது என்று பிரித்து, இரண்டு குரலிலும் பேசுவாளாம். அந்த வீட்டில் பத்தொன்பது வயது வரை வளர்ந்த நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இருக்கன்குடி விஷயமும் அப்படித்தான். ஆடிக் கடைசி வெள்ளிக்கு மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போவாள். பிள்ளைகளுக்காக நேர்ந்துகொண்டு போகிறாள் என்று நாங்களாகவே எடுத்துக்கொண்டோம். பேத்தியிடம் சொன்ன கதையில் நேர்த்திக்கடன் கடைசியில்தான் வருகிறது. கூட்டாளிப் பெண்களோடு ராத்திரி முழுக்கச் சிரித்துக்கொண்டு நடப்பது, வைப்பாற்று மணலில் உட்கார்ந்து ஆபீஸ் கணக்குப்பிள்ளையைப் பரிகாசம் பண்ணுவது, யாருக்கும் சோறாக்க வேண்டாத ஒரு நாள் இருப்பது ஆகியவைதான் முதலில். சமைப்பதே அவளுக்குப் பிடிக்காதாம். ஊரே புகழ்ந்த கைமணம்!

தாய் ஏன் தன் விருப்பு வெறுப்புகளைப் பிள்ளைகளிடம் மறைக்கிறாள்? இல்லாத வீட்டில், எனக்கும் ஓர் ஆசை உண்டு என்று அம்மா காட்டிவிட்டால் அது பிள்ளையின் தலையில் ஏறும் கடன். அதனால் ஆசையே இல்லாதவளாக நடந்துகொள்கிறாள். பிள்ளையும் அதை நம்பி அதற்குத் தியாகம் என்று பெயர் வைத்துவிடுகிறது. பேத்தி விஷயம் அப்படியில்லை. பேத்தியால் எதையும் ஈடுசெய்ய முடியாது, செய்ய வேண்டியதும் இல்லை. போதாததற்கு, அந்த வயதில்தான் கையில் கொஞ்சம் பொழுது மிஞ்சுகிறது. ஆகவே கடமையைப் பிள்ளை பார்க்கிறது, ஆளைப் பேரப்பிள்ளை பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து வைக்காமல் ஒருத்தியை முழுதாக நினைக்க முடியாது.

அம்மா என்று நினைக்கப்படுவதையே அவள் விரும்பியிருந்தால் என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. பெற்றதிலும் வளர்த்ததிலும் அவளுக்குப் பெருமை இருந்தது. போஸ்டரைப் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். நான் தியாகம் என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதோடு நிறுத்தினால் நமக்கு வசதியாகப் போகிறது என்கிறேன். தியாகி என்று கும்பிட்டுவிட்டால், ஒரு சிறுமி ஏன் இருட்டில் பஸ் ஏறினாள் என்று கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு வேறு என்னவாக ஆசை இருந்தது என்றும் கேட்க வேண்டியதில்லை.

எங்கள் ஊர் வரலாற்றில் வருவது, 1799இல் கிழக்கிந்தியக் கும்பினி பறித்துக்கொண்ட பாளையங்களுள் ஒன்று என்பதற்காக. செய்தியில் வருவது, சுற்றுவட்டாரப் பட்டாசு ஆலைகளில் வெடிவிபத்து நடக்கும் நாட்களில். அன்று பெண்களின் பெயரும் அடைப்புக்குறிக்குள் வயதும் அச்சாகும். பாளையக்காரராகவும் இல்லாமல், விபத்திலும் சாகாமல், எழுபது வருஷம் வாழ்ந்து முடித்தவளை எழுதிவைக்க வீட்டை விட்டால் வேறு இடம் இல்லை.

அம்மா இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உனக்கு என்ன பிடிக்கும் என்று ஒருநாள் கேளுங்கள். “எனக்கென்னடா பிடிக்கும், நீங்க நல்லா இருந்தா போதும்” என்றுதான் முதலில் பதில் வரும். பிள்ளைகள் அந்தப் பதிலில் நெகிழ்ந்து எழுந்துவிடுகிறோம். என் மகள் அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தாள். அவள் செய்தது அவ்வளவுதான்.