பெசலெயேலின் ஏழாம் நாள்

யாத்திராகமத்தின் பிற்பகுதியைப் பலர் வேகமாகப் புரட்டிவிடுவார்கள். ஆசரிப்புக் கூடாரத்துக்கு இத்தனை முழம், இத்தனை பலகை என்று அளவுக்கு மேல் அளவாக வரும். தையல் மெஷினே ஜீவனமாக இருக்கிற எனக்கு வேதத்தில் அதைவிட இனிக்கிற இடம் குறைவு. 28 முழ நீளம், 4 முழ அகலத்தில் பத்து மூடுதிரைகள். ஐந்தைந்தாகச் சேர்த்த இரண்டு பாகங்களையும் இணைக்க ஓரத்தில் ஐம்பது ஐம்பது காதுகள், அவற்றில் மாட்ட 50 பொன் கொக்கிகள். ஆரோனுடைய அங்கியில் தலை நுழைகிற துவாரம் கிழிந்துபோகாதபடி சுற்றிலும் நெய்த பட்டி வைக்கச் சொல்கிறார் கர்த்தர். கழுத்துப் பட்டி! சீனாய் மலையில் அக்கினியாய் இறங்கிவந்தவர், கழுத்து வெட்டு பிரிந்துவிடுமே என்று யோசிக்கிறார். அந்த வசனத்தை நின்று கவனித்து வாசித்த அன்று, கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டே ஸ்தோத்திரம் சொன்னேன். என் தொழில் அவருக்குத் தெரியும்!

இந்த வேலைக்குத் தலைவனாக யூதா கோத்திரத்துப் பெசலெயேலைப் பேர்சொல்லி அழைக்கிறார், தாண் கோத்திரத்து அகோலியாபைத் துணைக்கு வைக்கிறார். தச்சனுக்கும் பொற்கொல்லனுக்கும் சித்திரத் தையல்காரனுக்கும் தமது ஆவியானவரையே தருகிறார். இவ்வளவும் சொல்லி முடித்த கையோடு, 31-ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாளைப் பற்றிப் பேசுகிறார். 35-ஆம் அதிகாரத்தில் மோசே ஜனங்களைக் கூட்டி வேலையைத் தொடங்கிவைக்கும்போதும் முதல் பேச்சு ஓய்வுநாள்தான். கட்டப்போவது அவருடைய வாசஸ்தலம். அதைவிட அவசரமான வேலை உலகத்தில் ஏது? அந்த வேலையிலும் ஏழாம் நாளில் ஊசி ஏறக் கூடாது, அடுப்பில் தீயும் மூட்டக் கூடாது.

இதே புத்தகத்தின் தொடக்கத்தில் இன்னொரு கட்டுமானம் நடக்கிறது. பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்கள். அங்கே எஜமான் பார்வோன். வைக்கோல் கொடுக்க மாட்டேன், செங்கல் கணக்கும் குறையக் கூடாது என்றான். தங்கள் தேவனை ஆராதிக்க மூன்று நாள் கேட்டவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசினான். அந்தச் சேறு மிதித்த ஜனந்தான் இப்போது இளநீல நூலைக் கையில் எடுக்கிறது. பிரம்படி பட்ட முதுகுகளுக்குப் புதிய எஜமானிடமிருந்து வருகிறது இந்தக் கட்டளை. அந்த முதல் ஓய்வுநாளில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், பகலில் படுத்திருக்கிற அப்பாவை எப்படி வேடிக்கை பார்த்திருக்கும்! நினைக்கும்போதே எனக்குக் கண் நிறைகிறது.

என் அப்பாவும் தையல்காரர். திருநெல்வேலிச் சீமையில் டிசம்பர் பிறந்தால் தையல் கடைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. பண்டிகைப் புதுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா மெஷினுக்கு எண்ணெய் விட்டு, ஊசியை மேலே ஏற்றி, சக்கரத்திலிருந்து வாரைக் கழற்றிவிடுவார். அப்புறம் மிதித்தாலும் ஓடாது. காஜா எடுக்கிற பையனுக்குக் கூலியைக் கையில் கொடுத்து, “திங்கக்கிழம வாடே. நாளைக்கு நல்லாத் தூங்கு” என்பார். உபாகமத்தில் கர்த்தர் வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மாட்டையும் கழுதையையும் பேர்சொல்லி ஓய்வுநாளுக்குள் சேர்த்திருக்கிறாரே, அதை அப்பா அப்படியே எடுத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி, இந்த ஒரு ஞாயித்துக்கெழம மட்டும் கதவச் சாத்திக்கிட்டுத் தைக்கக் கூடாதா?” என்று ஒருவர் கெஞ்சியது நினைவிருக்கிறது.

“அவரு வீட்டயே ஏழாம் நாள்ல தைக்க வேண்டாம்னுட்டாருய்யா. ஒங்க சட்ட அதவிட அவசரமா?” என்றார் அப்பா. வந்தவரும் சிரித்துவிட்டார்.

மற்ற ஆறு நாளும் அப்பா உழைத்த உழைப்பைச் சொல்லாவிட்டால் பாதியைத்தான் சொன்னதாகும். ஆறு நாள் வேலை செய் என்பதும் அதே கட்டளைக்குள்தான் இருக்கிறது. கொரிந்துவில் ஆக்கில்லாவோடு உட்கார்ந்து கூடாரம் பண்ணிய பவுலுக்கும் கை காய்த்துத்தான் போயிருக்கும். ஆறு நாளில் முடிகிற துணியை மட்டும் வாங்கிக்கொண்டு, டிசம்பர் நடுவில் ‘ஆர்டர் எடுப்பதில்லை’ என்ற அட்டையை அப்பா தொங்கவிடுவார். காணிக்கை தேவைக்கு மேல் குவிந்தபோது, இனிக் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் சொல்லி நிறுத்தினாரே, அந்த அதிகாரம் அப்பாவுக்கு மனப்பாடம்.

இப்போது அந்த மெஷின் என்னிடம். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒரு ஞாயிறு, வாரைக் கழற்றிவிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். ஐயர் ஜெபித்துக்கொண்டிருக்க, என் வலது கால் மட்டும் தன்பாட்டுக்குத் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. வாரமெல்லாம் மிதித்த பழக்கம். நிறுத்தினேன், மறுபடி மிதித்தது. திருவிருந்துக்காக முழங்கால்படியிட்டபோது அது தானாக அடங்கிற்று. அந்த நிமிஷம் உச்சிமுதல் உள்ளங்கால்வரை ஒரு சந்தோஷம் இறங்கியதை என்னவென்று சொல்வேன்! கடையில் வெட்டிப்போட்ட துணி வெட்டியபடி கிடக்கிறது, நான் மிதிக்கவில்லை, சூரியன் எழும்பியிருக்கிறது, கோயில் வேம்பில் காக்கைக்கு இரை கிடைத்திருக்கிறது, என் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லாவற்றையும் தாங்குகிறவர் தாங்குகிறார்! வானத்தையும் பூமியையும் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்து பூரித்தவர், அந்தப் பூரிப்பில் ஒரு பங்கை ஒரு தையல்காரியின் நெஞ்சில் ஊற்றினார். அப்பமும் ரசமும் வாங்கி எழும்பும்போது அழுதேன், சிரித்தேன், பாட்டில் என் குரல்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

என் ஆண்டவரே, படகின் பின்புறத்தில் தலையணை வைத்துத் தூங்கினவரே, உமக்கு ஸ்தோத்திரம். திங்கட்கிழமை காலையில் மாட்டுகிற வாரும் உம்முடையது, சனிக்கிழமை கழற்றுகிற வாரும் உம்முடையது. இன்றைக்கும் செங்கல் கணக்குக்குப் பயந்து இரவு ஷிஃப்டில் கண்விழித்து நிற்கிற பிள்ளைகளின் எஜமான்களிடம் நீரே போய்ப் பேசும், மோசேயை அனுப்பினது போல யாரையாவது அனுப்பும். அனுப்ப ஆள் வேண்டுமென்றால், நான் இருக்கிறேன் ஆண்டவரே.