கொல்லாமையும் இழப்பும்: தாதர் புறாக்கூடமும் கடல்நாய் உரிமமும்

மும்பையின் தாதர் மேற்குப் பகுதியில் தொடர்வண்டி நிலையத்திற்கு அண்மையில் உள்ள கபூதர்கானா, புறாக்களுக்குத் தானியம் இடுவதற்கெனப் பேணப்பட்டு வந்த இடமாகும். சமணர் பலர் இதனை உயிரிரக்கக் கடமையாகவே செய்து வந்தனர். 2025 சூலையில் மராட்டிய அரசு நகரிலுள்ள இத்தகைய புறாக்கூடங்களை மூடுமாறு பணித்தது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் மாநகராட்சி அவ்விடத்தைத் தார்ப்பாயால் மூடியது. 6ஆம் நாள் திரண்டு வந்தோர் அதனைக் கிழித்தெறிந்தனர். புறா எச்சத்தின் துகள் நுரையீரல் அழற்சியைத் தோற்றுவிக்கும் என்பது மருத்துவர் தரப்புக் கருத்து. காலை 6 மணி முதல் 8 மணி வரை தானியமிட இசையலாம் என மாநகராட்சி பின்னர் முன்வந்தபோது, பொதுமக்களின் கருத்தைக் கேளாமல் அவ்வாறு செய்யலாகாது எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் கூறியது.

இவ்வழக்கில் கொல்வதற்கு எவரும் இசைவு கேட்கவில்லை; உணவிடுவதற்கே கேட்டனர். ஆயினும் இதனுள் ஓர் அறச்சிக்கல் மறைந்துள்ளது. தானியம் இடுபவர்க்குப் புண்ணியம். மூச்சுத் திணறுவது அண்டை வீட்டார்க்கு. இரக்கத்தின் பயன் ஒருவரையும் அதன் இழப்பு மற்றொருவரையும் சேருமாயின், அவ்விரக்கத்தை அறம் என எந்த அளவிற்குக் கொள்ளலாம் என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினா கடலில் மேலும் கூர்மை பெறுகின்றது. தாதர் கரைக்கு வடக்கே மாகிமிலும் தெற்கே ஒர்லியிலும் கோளி மீனவர் குடியிருப்புகள் உள்ளன. மராட்டியக் கடற்கரை மீனவர் வலைகளில் கடலாமையும் ஓங்கிலும் திமிங்கிலச் சுறாவும் சிக்குவதுண்டு. இவை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில் இடம்பெற்றவை. திமிங்கிலச் சுறா 2001இல் சேர்க்கப்பட்டது. உடைமைக்குச் சேதம் என்னும் காரணத்தால் இப்பட்டியல் விலங்குகளைக் கொல்லச் சட்டத்தில் இடமில்லை. வலையை அறுத்து விலங்கை விடுவிப்பதே மீனவர்க்குரிய வழி.

இதற்கு நேர்மாறான வழியை ஸ்காட்லாந்து சிறிது காலம் மேற்கொண்டது. அங்கு வலைமீன்களையும் பண்ணைச் சால்மன்களையும் கடல்நாய்கள் தின்பது நெடுநாள் வழக்கு. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வலைக்கருகில் வந்து சேதம் விளைவிக்கும் கடல்நாயைச் சுடுவதற்கு உரிமம் தேவைப்படவில்லை. 2010ஆம் ஆண்டுக் கடற்சட்டம் இதனை மாற்றியது. உரிமமின்றிக் கொல்லுதல் குற்றமாயிற்று. உரிமம் பெற்றவரும் குறித்த எண்ணிக்கைக்கு மேல் சுடலாகாது, சுட்டவற்றுக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். கேட்பாரின்றி நிகழ்ந்த கொலையினும் கணக்குக்கு உட்பட்ட கொலை மேம்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் அக்கணக்கில் இறந்த விலங்கின் எண்ணிக்கை இருந்ததேயன்றி, பண்ணையாளர் தம் இழப்பில் எவ்வளவைத் தாமே தாங்கலாம் என்னும் கேள்விக்கு விடை இல்லை. 2021 பிப்ரவரி முதல் மீன்வளத்தையும் பண்ணையையும் காக்க என்னும் காரணத்தின்பேரில் உரிமம் வழங்கப்படுவதில்லை. இம்மாற்றத்திற்குக் கருணை மட்டுமே காரணமன்று. கடற்பாலூட்டிகளை அவ்வாறு கொல்ல இசையும் நாடுகளின் மீனை வாங்குவதற்கு அமெரிக்கச் சட்டம் தடை விதிக்கும் நிலை எழுந்ததும், சால்மனுக்கு அமெரிக்கா பெருஞ்சந்தை என்பதும் உடன் எண்ணத்தக்கன.

தமிழகக் கடலில் கடல்நாய் இல்லை. அப்பெயரும் பிற்கால ஆக்கமே. மீனுண்ணும் விலங்காகச் சங்கப் புலவர் பெரிதும் பாடியது நீர்நாயை. மருதப் பாடல்களில் அது வாளைமீனைத் தன் அன்றைய இரையாகப் பெறுகின்றது. புலவர் அதனை உள்ளுறைக்குப் பயன்படுத்தினரேயன்றி, மனிதனின் மீனைத் திருடும் விலங்காகக் காட்டினாரல்லர். நெய்தலில் வலையைக் கிழித்துச் செல்லும் சுறா இடம்பெறுகின்றது. அச்சுறாவின் கொம்பையே நட்டுப் பரதவர் வழிபட்டமையைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. (கொம்புடைய அச்சுறா இன்று வேளா எனப்படும் இனமாகலாம்; அவ்வினமும் முதற்பட்டியலில் உள்ளது.) குறிஞ்சியிலோ தினை காக்கக் கிளியை ஓட்டினர், பன்றிக்கு அடார் வைத்துக் கொன்றனர். ஆகவே சங்கச் சமூகத்தைக் கொல்லாமைச் சமூகமாகக் காட்ட முயல்வது சான்றுகளுக்குப் பொருந்தாது.

விளைவைக் காக்கக் கொல்வதற்கு வள்ளுவத்தில் இசைவு தேடுவோர் செங்கோன்மை அதிகாரத்தின் களையெடுக்கும் உவமையைச் சுட்டுவர். 2025 சனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என ஆணையிட்டதை இவ்வுவமையால் தாங்க எண்ணுதலும் கூடும். ஆனால் அவ்வுவமையில் களைக்கு ஒப்பாவோர் கொலையிற் கொடியோர். அறிந்து தீமை செய்த மாந்தர். பசியால் மேயும் பன்றிக்கும் மீனைத் தொடரும் கடல்நாய்க்கும் குற்றமனம் இல்லை. பன்றியைச் சுடும் ஆணையை உழவரின் தேவையால் தாங்கலாம். தண்டனை அறத்தால் தாங்க இயலாது.

மறுதரப்பில் கொல்லாமை அதிகாரமும் கவனத்துடன் படிக்கப்பட வேண்டும். அது துறவறவியலில் அமைந்தது. தன்னுயிரே நீங்குவதாயினும் பிறிதோர் உயிரை நீக்கலாகாது என்பது அதன் உச்சம். இங்குத் 'தன்' என்னும் சொல்லே முதன்மையானது. துறவி இழப்பது தன்னுடையதை. அரசு கொல்லாமையைச் சட்டமாக்கும்போது இழக்கப்படுவது அரசினுடையது அன்று. கடனுக்கு வாங்கிய மீனவனின் வலை. பிறர் பொருளைத் துறந்து தான் அறவோனாதல் வள்ளுவர் கூறிய துறவு ஆகாது. கொல்லாதே என ஆணையிடும் அரசு அவ்வாணையின் விலையைத் தானே செலுத்தினால்தான் அக்'தன்' என்னும் சொல்லுக்கு உரியதாகும்.

இவ்வகையில் மராட்டிய அரசு 2018 திசம்பரில் வனத்துறையின் சதுப்புநிலக்காட்டுப் பிரிவு, மீன்வளத்துறை ஆகியவற்றின் வழித் தொடங்கிய திட்டம் குறிப்பிடத்தக்கது. பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை வலை அறுத்து விடுவிக்கும் மீனவர்க்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்கப்படும். தொகை சிறிது, அது வலைக்கேயன்றி அன்று தவறிய பாட்டுக்கு அன்று. சான்றாக நிழற்படமும் வேண்டும். துள்ளும் ஓங்கிலோடு படகு ஒருபுறம் சாயும்போது, வலையை அறுப்பதற்கு முன் ஒருவர் கைப்பேசியை எடுத்தாக வேண்டும்.