பெருவிரலுக்கு அடியில்

கம்பம்மெட்டில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கி, கம்பம் பக்கத்துக் கண்மாயில் விராலுக்குத் தூண்டில் போடுவேன். பெய்ட்காஸ்டிங் ரீல் 1,800 ரூபாய். காந்த பிரேக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கினேன். அந்த விலையில் பேரிங் எண்ணிக்கையை நம்பிப் பயனில்லை.

லூர் என்ற செயற்கை இரையைக் கட்டி ரீலின் பட்டனை அழுத்தினால் அது மெல்ல இறங்கி, தரை தொட்டதும் நூல் சுற்றிய ஸ்பூல் நிற்க வேண்டும். அதுவரை பக்கத் திருகை முறுக்குவேன். மிச்சமெல்லாம் பெருவிரல். லூர் தண்ணீரைத் தொடும்போது விரல் அழுத்தாவிட்டால் ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருக்கும், தங்கூசி குருவிக்கூடாகிவிடும்.

"பசிக்கில்லாம பிடிக்கிறது பாவமில்லையாப்பா?" என்று அம்மா கேட்டாள். எனக்கு அதிபத்த நாயனார் நினைவுக்கு வந்தார். நாகப்பட்டினத்து மீனவரான அவர் தினமும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். வறுமையில் பொன்மீன் ஒன்றே கிடைத்த நாளிலும் விட்டார். மீன்பிடித் தொழில் அவரை இறைவனிடமிருந்து விலக்கவில்லை. நானும் பிடித்த மீனைத் திரும்ப விடுவதுண்டு. ஆனால் நான் விடும் மீனின் வாய் கிழிந்திருக்கிறது. அதைக் காணிக்கை என்று சொல்ல நா எழவில்லை.

இப்போது காயம் குறையட்டும் என்று கொக்கியின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறேன். குழம்புக்கு ஒரு விரால் விழுந்ததும் ரீலைத் துடைத்து, பிரேக்கைத் தளர்த்தி, பைக்குள் வைத்துவிடுகிறேன்.