பசிக்கு முன்னே விதைத்த புல்



இன்றைய இரண்டாம் வாசகத்தில் யாக்கோபு ஒரு பயிரிடுபவரைக் காட்டுகிறார். முன்மழைக்கும் பின்மழைக்கும் பொறுத்திருந்து விளைச்சலைப் பார்க்கிற மனிதர். திருவருகைக் காலத்தில் இந்த வாசகம் வரும்போதெல்லாம், காத்திருப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது என்றுதான் எனக்குத் தோன்றும். இந்த ஆண்டு அப்படித் தோன்றவில்லை. டொரண்டோவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டுச் சன்னலோரம் நான் பார்த்த மூன்று தட்டுப் புல்தான் அதற்குக் காரணம்.

நம் பங்கைச் சேர்ந்த வீடு. நவம்பர் கடைசியில் சந்திக்கப் போயிருந்தேன். வெளியே தோட்டம் முழுக்கப் பனி மூடிக் கிடந்தது. உள்ளே தெற்குப் பார்த்த சன்னலில், நம்மூர் நாற்றங்காலைப் பெயர்த்து வைத்தது போலப் பச்சை. பத்து வயதுப் பையன் ஒருவன் கத்தரிக்கோலால் அதை நறுக்கிக் கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டிருந்தான். யாருக்கு என்று கேட்டேன். கையைப் பிடித்து அடுத்த அறைக்குக் கூட்டிப்போனான். வெப்ப விளக்கின் அடியில், சோற்றுப்பானை மூடி அளவுக்கு ஓர் ஆமை.

சுல்கட்டா என்கிற இனம். சகாரா பாலைவனத்தின் தென்விளிம்புதான் அதன் பூர்வீகம். குளிர்நாட்டு ஆமைகளில் பல, மாரியில் உண்ணாமல் உறங்கிவிடும். இதன் சொந்த மண்ணில் உறைபனி கிடையாது. அதனால் அப்படி உறங்க இதற்குத் தெரியாது. டிசம்பரிலும் இதற்குப் பசிக்கும். பசிப்பதும் புல்லுக்குத்தான். பழம் கொடுத்தால் வயிறு கெடும். கடையில் வாங்கும் லெட்டூஸ் கீரையில் பெரும்பாலும் தண்ணீர். காய்ந்த புல்தான் அதன் சோறு. ஆனால் வெறும் காய்ந்த புல்லை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. பச்சையை நறுக்கிக் கலந்து வைத்தால், இரண்டையும் சேர்த்து மெல்லுகிறது.

அந்தப் புல்லை வளர்ப்பவர் பையனின் அம்மம்மா. மன்னாரிலிருந்து வந்தவர். முழங்கால் வலியால் பனிக்காலம் முழுக்க வெளியே இறங்குவதில்லை. தமிழ்க் கடையில் சமையலுக்கு விற்கும் முழுக் கோதுமையை வாங்கி, இரவு முழுக்க ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் முளைகட்டுகிறார். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும், இரண்டு விரல்கடை உயரத்துக்கு மண் நிரப்பிய தட்டில் நெருக்கமாகப் பரப்பி, மேலே நனைத்த செய்தித்தாளைப் போர்த்துகிறார். தோட்டத்துக்கென்று விற்கும் புல்விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருக்கலாம் என்பதால் அதைத் தொடுவதில்லை. முதல் தட்டு வீணாகிப்போனதாம். தண்ணீர் அதிகமாகி, விதைகளின் மேல் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அப்படியே குப்பைக்குப் போயிற்று. பையன் அன்று அழுதானாம்.

பத்து நாளில் புல் ஒரு சாண் வருகிறது. அடியோடு வெட்டக்கூடாது. புல் நுனியில் வளர்வதில்லை. வளர்ச்சி அதன் அடியில் இருக்கிறது. இரண்டு விரல்கடை விட்டு வெட்டினால் மறுபடி தழைக்கும். ஒன்றிரண்டு முறைக்குமேல் மெலிந்துவிடும். பிறகு புது விதைதான். ஒரு தட்டு வெட்டுக்கு, ஒரு தட்டு வளர்ச்சிக்கு, ஒரு தட்டு காகிதத்துக்கு அடியில். ஒன்று மெலியுமுன்னே அடுத்த விதைப்பு.

“எதுக்கம்மா மூண்டு தட்டு?” என்று அவர் பேச்சிலேயே கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: “பசிச்ச பிறகு விதைச்சு என்ன பிரியோசனம், சுவாமி? உது கத்தாது, வாய் திறந்து கேக்காது. நாங்கள்தான் முன்னுக்கே கணக்குப் பாக்கோணும்.”

அன்று முழுக்க அந்தச் சொல் என்னை விடவில்லை. நாய் குரைத்துக் கேட்கும். பூனை காலைச் சுற்றும். ஆமை அப்படியே இருக்கும். அது வாடியிருப்பது வெளியே தெரிகிறபோது பல நாள் பட்டினி கழிந்திருக்கும்.

செயின்ட் ஹெலினா தீவில் ஜோனத்தன் என்றொரு பேராமை இருக்கிறது. 1882இல் அந்தத் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். 1832 வாக்கில் பிறந்திருக்கும் என்கிறார்கள். ஆளுநர் மாளிகையின் புல்வெளியில்தான் வாசம். வயதாகிக் கண் தெரியாமல் போயிற்று, மோப்பமும் போயிற்று. நல்ல புல் எது என்று கண்டுபிடிக்க முடியாமல் மண்ணையும் குச்சியையும் கடித்ததில், அலகு பொடிந்து மழுங்கியது. ஜோ ஹாலின்ஸ் என்ற கால்நடை மருத்துவர் வாரந்தோறும் போய்க் கையால் ஊட்டத் தொடங்கினார். அலகு மறுபடி கூர்மையாயிற்று. புல் அதன் காலடியிலேயே இருந்தது. வாய்க்குக் கொண்டுபோக ஒரு கை இல்லாமல் இருந்தது.

சென்ற பனிக்காலத்தில் நம் பங்கில் தனியாக வாழ்ந்த ஒரு பெரியவரை நான் இப்படித்தான் தவறவிட்டேன். ஞாயிறுதோறும் கோயில் வாசலில் நின்று, “எப்படி ஐயா இருக்கிறீர்கள்?” என்று கேட்பேன். “நல்லா இருக்கிறன், சுவாமி” என்பார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு அடுத்தவர் கையைப் பற்றுவேன். பல வாரங்களாக அவர் பாணும் தேநீருமாகவே இருந்தார் என்பது, மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் வீட்டு அலமாரியில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது. அடுப்படியில் நிற்கக் காலில் வலுவில்லை. கேட்டால்தானே கொடுக்க முடியும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் கேட்கிற ஆள் இல்லை. இதை உங்கள் முன்னால் சொல்லாமல் இந்த மறையுரையை என்னால் தொடர முடியாது.

ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியைச் சொல்லும்போது, மக்கள் அமர்ந்தது பசும்புல்லில் என்று மாற்கு நினைவாகக் குறிக்கிறார். அங்கே பசியைப் பற்றி முதலில் பேசியவர்கள் கூட்டத்தார் அல்லர், சீடர்கள். அவர்களும் கூட்டத்தை அனுப்பிவிடத்தான் சொன்னார்கள். நீங்களே கொடுங்கள் என்றார் ஆண்டவர். அந்த மாலை முழுவதிலும் எந்தத் தாயும் எழுந்து என் பிள்ளைக்குப் பசிக்கிறது என்றதாக எழுதப்படவில்லை.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு யாரும் பிள்ளைகளுக்கு ஆமை வாங்கப் போகாதீர்கள். சுல்கட்டா ஐம்பது கிலோவையும் தொடும். வளர்ப்பவரைவிட அதிக நாள் இருக்கவும் கூடும். இந்தக் குடும்பம், வைத்திருந்தவர்களால் பார்க்க முடியாமல் போன ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டது.

வீட்டுக்குள் புல் வளர்ப்பது நம் திருச்சபைக்குப் புதிதல்ல. பிரான்சின் புரோவென்ஸ் பகுதியில் டிசம்பர் 4, புனித பார்பராவின் நாளில் கோதுமையைச் சிறு தட்டுகளில் விதைக்கிறார்கள். குரோவேசியாவில் டிசம்பர் 13, புனித லூசியாவின் நாளில் விதைக்கிறார்கள். கிறிஸ்து பிறப்புக்குள் அது பச்சையாக நிற்கும், நடுவில் மெழுகுவர்த்தி வைப்பார்கள். முளைப்பாரி பார்த்து வளர்ந்த எங்கள் சிவகங்கைப் பக்கத்தில், குடிலுக்கென்று கேழ்வரகை முளைக்கப் போடும் வீடுகள் உண்டு. மாட்டுக்குப் புல் வைக்கும் தீவனத் தொட்டியில்தானே அந்தக் குழந்தையைக் கிடத்தினார்கள்! பேசத் தெரியாமல், தனக்கு என்ன வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் வந்தவருக்கு, துணியை யாரோ முன்னதாகவே எடுத்துவைத்திருந்தார்கள்.

டொரண்டோவில் இந்த நாள்களில் பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது. அந்த இருட்டில், நம் தெருவில் வாய் திறந்து கேட்காதவர் யார் என்று இந்த வாரம் ஒருவரையாவது எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலிக்காரர், புதிதாக வந்த மாணவர், குழந்தை பெற்றுத் தனியாக இருக்கும் பெண். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள்.

பலிபீடத்துக்கு இடப் பக்கம், குடிலுக்குள் ஒரு தட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மம்மா நேற்று, புனித லூசியாவின் நாளில், விதைத்துக் கொடுத்தனுப்பியது. இப்போதைக்கு நனைந்த செய்தித்தாள் மட்டும்தான் தெரியும். தூக்கிப் பார்க்க வேண்டாம். தண்ணீர் தெளிக்கும் பொறுப்பு பையனுடையது. திருக்காட்சிப் பெருவிழாத் திருப்பலி முடிந்ததும் தட்டை அவன் திரும்ப எடுத்துப்போவான். அங்கே அதை உண்ண ஓர் ஆள் இருக்கிறது.