நல்ல மனசு போதுமா?

“மனசு சுத்தமாக இருந்தால் போதும்; மற்றதெல்லாம் தானே சரியாகிவிடும்” என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பெரியவர்கள் சொல்வதுண்டு. கேட்பதற்கு இதமான வார்த்தைதான். ஆனால் அது முழு உண்மைதானா என்பதில் எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். தத்துவ நூல்களை விரித்து வைத்து ஆராய எனக்குப் படிப்புப் போதாது. ஆகவே ஒரு பாட்டிலை எதிரே வைத்துக்கொண்டு ஆராயலாமென்று நினைக்கிறேன்.

அந்தப் பாட்டிலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரோ கலர் குடித்துவிட்டுப் போட்டது. இப்போது அதில் கக்கூஸ் கழுவுகிற ஆசிட் இருக்கிறது. பாளையங்கோட்டையானாலும் சரி, தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரானாலும் சரி, கொல்லைப்புற ஜன்னலில் இப்படி ஒன்று நிற்கும். ஊற்றி வைத்தவருக்கு யார் மீதும் பகை கிடையாது. வேலை முடிந்தது, வைத்தார், அவ்வளவுதான். ஒரு மத்தியான வெயிலில் விளையாடிவிட்டு ஓடி வருகிற பையன் அதை எடுத்து ஒரு வாய் குடித்துவிடுகிறான்.

அலறல் கேட்டதும் அக்கம்பக்கம் கூடிவிடுகிறது. “ஏட்டி, ஒரு செம்பு உப்புத்தண்ணி கொண்டா! கக்க வச்சிட்டா சரியாப் போயிரும்” என்கிறாள் ஓர் ஆச்சி. அரளி விதை தின்றவர்களுக்கு ஊரில் செய்து பழகிய வைத்தியம் இது. இன்றைய டாக்டர்கள் அதற்கே இதை ஒப்புவதில்லை. ஆசிட் குடித்தவனுக்கோ இதைப்போல் கெடுதல் வேறில்லை. உள்ளே போகும்போது ஒரு தடவை சுட்ட திராவகம், வாந்தியாகத் திரும்பி வரும்போது உணவுக்குழாயை இரண்டாம் தடவையும் சுடுகிறது. மூச்சுக்குழலில் ஏறினால் நுரையீரலும் வெந்துபோகும். ஆசிட்டுக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சைச் சாறு என்று முறிக்கப் பார்ப்பதும் ஆபத்தே. இரண்டும் சேர்கிற இடத்தில் சூடு பிறக்கும். சோடா உப்பானால் வாயு வேறு கிளம்பி, வெந்த வயிற்றை உப்ப வைக்கும்.

ஊற்றி வைத்தவருக்கும் நல்ல மனசு. கக்க வைத்த ஆச்சிக்கும் நல்ல மனசு. பிள்ளையின் குடல் மட்டும் யார் மனசையும் விசாரிப்பதில்லை.

இதே ஆபத்தில் டாக்டர் என்ன செய்கிறார்? முதலில் மூச்சைக் கவனிக்கிறார். குரல் கம்மியிருக்கிறதா, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிடுகிறானா என்று பார்க்கிறார். என்ன குடித்தான், எவ்வளவு, எப்போது என்று கேட்கிறார். மனம் வெறுத்துக் குடித்தவர்களாக இருந்தாலும் முதலில் கேட்க வேண்டியவை இந்த மூன்று கேள்விகள்தாம். ‘ஏன்’ என்பதைப் பிறகு, பரிவோடு கேட்கலாம். அப்படிப்பட்டவரைக் கடும் மன நெருக்கடியில் இருந்தவராகவே கருத வேண்டும் என்று 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டமும் சொல்கிறது.

வாயில் புண் இல்லையே, பிழைத்தான் என்று நாம் ஆறுதலடைவோம். டாக்டர் அதை நம்புவதில்லை. வாய் சுத்தமாக இருக்க, உள்ளே வெந்திருக்கலாம். அதனால் முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் எண்டோஸ்கோப் என்னும் குழாயை இறக்கிப் பார்க்கிறார்கள். நாள் தவறி, ஐந்தாம் நாளுக்கு மேல் இரண்டு வாரம் வரையில், பார்ப்பதே அபாயம். அப்போது புண்பட்ட சதை மிகவும் நைந்திருக்கும். காயத்தைத் தரம் பிரிக்க இன்று உலகமெங்கும் கையாளும் முறை சண்டிகார் ஆஸ்பத்திரியில் ஜர்காரும் கோச்சாரும் மற்றவர்களும் வகுத்து 1991-இல் வெளியிட்டது. மேலோட்டமான புண் தானே ஆறும். ஆழமாகவும் வட்டமாகவும் விழுந்த புண் ஆறுகிறபோதுதான் வினை: தழும்பு இறுகி, சில வாரங்களில் குழாய் சுருங்கிவிடும். சோறு இறங்காது, பிறகு கஞ்சி இறங்காது, பிறகு தண்ணீரும் இறங்காது. மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அதை விரித்துவிட வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பெருங்குடலில் ஒரு துண்டை எடுத்து உணவுக்குழாயாக வைத்துத் தைக்கிறார்கள். தென்காசி மாவட்டத்துச் சிறுமி ஒருத்தி பிளீச்சிங் பவுடரைத் தின்றுவிட்டு, உணவு இறங்காமல் எலும்பும் தோலுமாகி, சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற செய்தி 2022-இல் பத்திரிகைகளில் வந்தது.

அப்படியானால் அந்த ஆச்சி குற்றவாளியா? இல்லை என்பதே என் தீர்ப்பு. அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பாட்டிலை வைத்தவர் சங்கதி வேறு. உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியும். தெரிந்ததைத் தம் தலைக்குள் வைத்துக்கொண்டார். பாட்டிலின் மேல் வைக்கவில்லை. அறியாதவனை மன்னிக்கலாம். அறிந்ததைப் பிறருக்கு எட்டும்படி வைக்காதவன், ‘எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

அமெரிக்காவில் செவாலியே ஜாக்சன் என்றொரு தொண்டை வைத்தியர் இருந்தார். வீட்டில் கழுவத் துலக்க வைத்திருந்த காரத்தைக் குடித்துக் குழாய் சுருங்கிய குழந்தைகளை ஆண்டாண்டாகப் பார்த்தார். விரித்துவிடுவதோடு தம் கடமை தீர்ந்தது என்று அவர் எண்ணவில்லை. டப்பாவின் மேல் ‘விஷம்’ என்று அச்சிட வேண்டும் என்று ஊர் ஊராய்ப் பேசி, 1927-இல் அதைச் சட்டமாக்க வைத்தார். கருணை என்றால் அதுதான் கருணை. நம் நாட்டிலும் ஆசிட் வீச்சு வழக்கொன்றில், வாங்குகிறவர் யார், எதற்கு என்று எழுதிக்கொள்ளாமல் கடையில் ஆசிட் விற்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது. ஆனால் எந்த உத்தரவும் கடை வாசல் வரைதான் வரும். வீட்டு ஜன்னலுக்கு நாம்தான் சட்டம்.

ஆகவே வாசகர்களிடம் நான் கேட்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றாதீர்கள். வாங்கிய பாட்டிலிலேயே, சீட்டுக் கிழியாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். எவரேனும் குடித்துவிட்டால் கக்க வைக்க வேண்டாம், எதையும் ஊட்டவும் வேண்டாம். வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லி, அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவ்வளவையும் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் இன்றைக்கே சொல்லிவையுங்கள். அவளுடைய நல்ல மனசுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.