குங்குமம் கறுத்த படங்கள்

காரைக்கால் பக்கத்துப் பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில் சாய்த்து மாட்டிய படங்களில் மிகப் பழையதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், பாட்டியின் நெற்றிக் குங்குமம் கறுப்புப் பொட்டாகத் தெரியும். மஞ்சள் பூசிய முகம் மினுங்காமல் இருண்டிருக்கும். வெளியில் எடுத்த படமானால் வானம் வெள்ளைத்தாள் மாதிரி இருக்கும். இந்தத் தோற்றத்தைக் கொடுத்தது காலம் அல்ல. படம் பிடித்த தகட்டின் பார்வைக் குறை.

முதலில் வந்த தகடுகளுக்கு நீலமும் புற ஊதாவும்தான் தெரியும். 1873இல் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் கலந்து அவற்றைப் பச்சை வரை பார்க்க வைத்தார். எல்லா நிறமும் தெரியும் தகடு 1906இல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பிறகும் பல ஸ்டூடியோக்கள் சிவப்பு தெரியாத ‘ஆர்த்தோ’வை விடவில்லை, சிவப்பு விளக்கில் வைத்தே கழுவலாம் என்பது பெரிய வசதி. மாநிறத் தோலிலிருந்து திரும்பும் ஒளியில் நீலம் குறைவு. அதனால் தமிழ் முகம் அந்தத் தகட்டில் உள்ளதைவிடக் கறுத்து விழுந்தது. முகத்துக்குப் பவுடர் அப்பியதற்கும், நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்ததற்கும் இதுவும் ஒரு காரணம். பழைய பாணியை இன்று கையில் எடுப்பவர், தம் மக்களின் நிறத்தைத் தகடு தவறாகச் சொன்னதையும் சேர்த்தே திரும்பச் சொல்கிறார். எதிரே வந்து உட்காருபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

அந்தக் குறையை இன்றைய பிலிமில் வரவழைப்பது கடினமல்ல. இல்ஃபோர்டு நிறுவனத்தின் ‘ஆர்த்தோ பிளஸ்’ சிவப்பைப் பார்க்காது. அதன் ஐ.எஸ்.ஓ. வேகம் பகல் ஒளியில் 80. சாதாரண கறுப்பு வெள்ளை பிலிமானால் லென்சுக்கு முன் அடர்ந்த நீலக் கண்ணாடி வைக்கலாம். மலிவான வழி எக்ஸ்ரே பிலிம். அதில் ஒரு வகை நீலத்தை மட்டும் பார்க்கும், இன்னொன்று பச்சையையும் பார்க்கும். இரண்டு பக்கமும் மருந்து பூசியிருப்பதால் நகம் பட்டாலே கீறும். டெவலப்பருக்கு 20 பாகை வெப்பம் உகந்தது; காவிரி டெல்டாவின் மே மாதத்தில் குழாய்த் தண்ணீரே அதைத் தாண்டிக் கொதிக்கும். தட்டைச் சுற்றி ஐஸ் அடுக்காவிட்டால் ஜெலட்டின் இளகி, முகமே வழுக்கிப் போகும்.

அடுத்தது நேரம். பழைய தகடு பல விநாடி திறந்திருந்தது. ஒளி குறைக்கும் கண்ணாடி போட்டு காரைக்கால் அரசலாற்று முகத்துவாரத்தை அப்படி எடுத்தால் அலை பனியாகிவிடும், கரையேற்றிய கட்டுமரம் மட்டும் மிஞ்சும். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலை மெழுகுத்தாள் நெகட்டிவில் எடுத்த லின்னேயஸ் டிரைப், வெளுத்த வானத்தைப் பொறுக்காமல் சில நெகட்டிவ்களில் மேகத்தைக் கையால் வரைந்து சேர்த்தார். இன்று நாம் தேடிப் போகும் வெள்ளை வானம் அவருக்குக் குறையாகவே பட்டிருக்கிறது.

மஞ்சள் கறையின் கதை வேறு. 1850இல் பிளான்கார் எவ்ரார் கொண்டுவந்த முட்டை வெண்கருத் தாள், நாளாக நாளாகத் தானே மஞ்சளாகும். செபியா என்ற பழுப்புச் சாயலோ வெள்ளியைச் சல்ஃபைடாக மாற்றும் வேலை. படம் வெளிறாமல் நிலைப்பதற்கும் அது உதவியது. ஒன்று மூப்பு, மற்றொன்று முன்ஜாக்கிரதை. காரைக்கால் 1739 முதல் 1954 வரை, இடையில் சில காலம் தவிர, பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அந்த வழியில் சைகோனுக்குப் பிழைக்கப் போனவர்களின் படங்கள் கடல் கடந்து இந்த வீடுகளுக்கு வந்தன. உப்புக்காற்று, ராமபாணப் பூச்சி, சந்தனப் பொட்டு வைத்து வைத்து கண்ணாடிக்குள் இறங்கிய ஈரம் என்று அவற்றின் ஒவ்வொரு கறைக்கும் ஒரு குடும்பம் உண்டு. நேற்று எடுத்த கல்யாணப் படத்தின் மேல் தேநீர் ஊற்றி அந்தக் கறையை வரவழைப்பது, வாழாத வாழ்வை வாழ்ந்ததாகக் காட்டுவது. தகட்டின் குறையைத் திரும்பச் செய்பவர் ஒரு தொழிலைக் கற்கிறார். கறையைத் திரும்பச் செய்பவருக்கு அந்தக் கல்வியும் இல்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு தமிழ் ஸ்டூடியோப் படங்களை எண்மமாக்கியபோது கறை படிந்தவையும் சேர்ந்தே பதிவாயின.

பழுப்பு நிறத்தை நேர்மையாகவே பெற வழி உண்டு. அயோடின் சேராத உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தாளில் பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் சில்வர் நைட்ரேட் தடவி, நெகட்டிவை வைத்து வெயிலில் காட்ட வேண்டும். 1830களில் டால்பட் கண்ட முறை இது. நெகட்டிவில் கறுப்பு வெள்ளை வேறுபாடு அழுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் எக்ஸ்ரே பிலிம் இங்கே நன்றாகப் பொருந்தும். படம் கண்முன்னே செம்பழுப்பாக ஏறும். ஹைப்போவில் நிலைநிறுத்திய பிறகு மிஞ்சுவது கழுவல். ஹைப்போ தாளில் தங்கினால் சில வருடத்திலேயே கறை பிடிக்கும். அதை விரட்ட நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் வேகமானது. ஒரு வாளி கடல் தண்ணீரில் அலசி, அந்த உப்பும் போக நல்ல தண்ணீரில் நெடுநேரம் ஊறவிட்டு, நிழலில் உலர்த்த வேண்டும்.